கதவுக்கு எத்தனை மார்க்

— பத்துக்கு ஆறு. அதுக்கு மேல அரைப் புள்ளியும் குடுக்க மாட்டன், ரஷ்மி. மைக்கை ஓஃப் பண்ணும்.

— மைக் எப்பவோ ஆஃப். மழை கார் மேல கொட்டுற கொட்டுல என்னத்த ரெக்கார்ட் பண்றது? மொதல்ல அந்தக் கதவ சாத்து நிமல், சீட்டெல்லாம் நனையுது.

— உள்ளுக்க மூச்சு முட்டுது.

— ரெண்டு வருஷமா சனிக்கிழமையானா இதே கிளென்ஃபீல்ட் மால் மொட்டை மாடி பார்க்கிங்ல, இதே கார்ல உக்காந்துதான் நம்ம சேனலுக்கு விமர்சனம் பேசுறோம். வீட்டுல பக்கத்து யூனிட் நாய் குரைக்குது, கார்தான் நல்ல ஸ்டூடியோனு கண்டுபிடிச்சதே நீதான். இன்னிக்கு மட்டும் மூச்சு முட்டுதாக்கும்?

— இண்டைக்கு முட்டுது. அதுக்கு நான் என்ன செய்ய?

— உக்காரு. எழுந்திரிக்கிற, உக்கார்ற, கண்ணாடிய ஏத்துற, எறக்குற. வீடியோ ஓடுறப்பவே பாதியில எறங்கி டீ வாங்கப் போயிட்ட. இது நம்ம வழக்கமான வாரம்னா பரவால்ல. போட்டி. இத நடத்துற ரவினேஷ் நம்மள நம்பி நடுவரா போட்டிருக்கான்.

— நடுவர் எண்டா நடுவர் மாதிரித்தானே மார்க் போட்டனான்? மற்ற நாலு வீடியோவுக்கும் போட்டாச்சு. இதுக்கு ஆறு. அனுப்பிவிடும், வீட்ட போவம். அம்மா சோறு வைச்சிட்டுப் பாத்துக்கொண்டிருப்பா.

— இரு இரு. ஏன் ஆறு?

— பிடிக்கேல்லை.

— இது ஒரு விமர்சனமா? போன வாரம் ஒருத்தன் கார் ரேஸ் கேம்ல இருந்து வெட்டி அனுப்பினான். தாளத்துக்கு அரை நொடி லேட்டா வெட்டினதுக்கு அவன நீ முக்கால் மணி நேரம் காய்ச்சின. இதுக்கு ரெண்டே வார்த்தையில பிடிக்கலையா?

— சரி, கேளும். கேமை விளையாடி, அதில வாற படத்தை வெட்டி, பாட்டுக்கு ஏத்த மாதிரி அடுக்கிறதுதான் இந்த வேலை. ஓமா இல்லையா?

— ஆமா.

— இது என்ன கேம்? சண்டைக் கேம். துவக்கு இருக்கு, குண்டு இருக்கு, குதிரை கூட இருக்கு. இந்த ஆள் எதை எடுத்து அடுக்கியிருக்குது? கதவு. கதவு திறக்குது, கதவு மூடுது, இன்னொரு கதவு. பாட்டு முடியுமட்டும் கதவு. சண்டை பாக்க வாறவன் கதவையா பாப்பான்?

— ஐயோ, அதுதாம்ப்பா அதுல விஷயமே! அந்தக் கேம்ல ஒரு கதவ தெறந்தா சண்டை வரும். எல்லாரும் சண்டைய வச்சுட்டு கதவ வெட்டிடுவாங்க. இவங்க சண்டைய வெட்டிட்டுக் கதவ வச்சிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் கேம்ல வர்ற அந்தப் பொண்ணு கதவுல கை வைக்கிறப்போ, உள்ள என்ன இருக்குமோனு பாக்குறவங்க காத்துட்டே இருக்கணும். பாட்டுல வர்ற நாதஸ்வரத்த ஒரு மூச்சு நிறுத்தி, அந்த எடத்துல கதவு கிரீச்சுங்கிற சத்தத்த விட்டிருக்காங்க பாரு, சத்தியமா எனக்குப் புல்லரிச்சிடுச்சு.

— நீர் எல்லாத்துக்கும் புல்லரிக்கிற ஆள்.

— நீயும்தான். ஒரு நல்ல வெட்டு வந்தா ஸ்டியரிங்க குத்துவ. ஹார்ன் அடிச்சு மால் செக்யூரிட்டி வந்து நின்னது ஞாபகம் இல்ல?

— இண்டைக்குக் குத்தேல்லை. அவ்வளவுதான்.

— இன்னொரு தடவ பாப்போம். சவுண்டு இல்லாம ஒரு தடவ, சவுண்டோட ஒரு தடவ. எப்பவும் அப்படித்தான பாப்போம்?

— எனக்கு ஒருக்காப் பாத்தது காணும்.

— நிமல்.

— காணும் எண்டு சொல்லிட்டன் எல்லே! இஞ்ச பாரும், டீ ஆறிப்போச்சு. குடியும்.

— டீய விடு. ரவினேஷ் மெசேஜ் போட்டிருக்கான். உன் மார்க் ஒண்ணுதான் பாக்கியாம். அஞ்சு மணிக்கு மெல்பர்ன் கம்பெனிக்கு முடிவ சொல்லணுமாம்.

— என்ர மட்டுமா? உம்மட?

— என்னோடத அவன் கணக்குல எடுக்கல.

— ஏன்?

— அவன் ஒம்போது போட்டிருக்கான். உன்னோடது எட்டு வந்தா இதுதான் முதல். ஜெயிக்கிறவங்களுக்கு ஒரு வருஷம் மெல்பர்ன்ல வேலை. புது கேம் வர்றப்போ முன்னோட்டம் வெட்டுவாங்கல்ல, அந்த வேலை. ஆறு போட்டா ரெண்டாவதா இருக்கிறவன் மெல்பர்ன் போயிடுவான்.

— போகட்டுமே. நான் கேட்டது வேற. உம்மட மார்க்கை ஏன் எடுக்கேல்லை?

— ஏன்னா அது நான் பண்ணது.

— எது?

— கதவு வீடியோ. நான்தான் பண்ணேன், நிமல்.

— நீரா?

— மூஞ்ச அப்படி வச்சுக்காத. பேர மறைச்சுத்தான எல்லா வீடியோவும் வந்துச்சு, அதுல என்னோடதும் ஒண்ணு. ரவினேஷ்கிட்ட அனுப்புறப்பவே சொல்லிட்டேன். நீ ஒதுங்கிக்கோ, நிமலனுக்குத் தெரியாம இருந்தா அவன் மார்க் செல்லும்னான்.

— எனக்கு ஏன் சொல்லேல்லை?

— சொன்னா நீ பாசத்துல பத்து போட்டுடுவ. எனக்கு அந்தப் பத்து வேண்டாம்னு நெனச்சேன். என் பேர் தெரியாம நீ என்ன சொல்றன்னு பாக்கணும்னு ஒரு ஆச. பாத்துட்டேன்.

— எப்ப செய்தனீர்?

— நீ விரியில இருக்கிற குடோனுக்கு நைட் ஷிஃப்ட் போன நாளெல்லாம். நீ அங்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிட்டு இருந்தப்போ நான் வீட்டுக் கம்ப்யூட்டர்ல கதவு வெட்டிட்டு இருந்தேன். அத்தை ரெண்டு தடவ எழுந்து வந்து, என்ன பிள்ளை சத்தம், ஆரும் வந்திட்டினமோனு கேட்டாங்க.

— மெல்பர்ன் போறதுக்கு இவ்வளவும்.

— கேம் வெட்டுறது எனக்குப் பிடிக்கும். அதுக்கு இவ்வளவும். சிட்டியில அந்த பேங்க்ல ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு, சாரி சார், மன்னிச்சுக்கோங்க மேடம்னு அடுத்தவன் தப்புக்கு நாள் முழுக்க மன்னிப்பு கேட்டுட்டு வர்றேனே, அது எப்படி இருக்குனு உனக்குத் தெரியுமா?

— தெரியும்.

— தெரியாது. ஒரு வருஷம்தான் நிமல். நாலு மணி நேர ஃப்ளைட்.

— ஒரு வருசம்தான். இந்தச் சொல்லை என்னட்டச் சொல்லாதையும்.

— ஏன்?

— ஊரை விட்டு வன்னிக்குப் போகேக்க அப்பா சொன்னவர், ஒரு வருசம்தான் எண்டு. வன்னியில இருந்து முகாமுக்குப் போகேக்கயும் அதுதான். முகாமில இருந்து மெட்ராஸ் போகேக்க அம்மா சொன்னவ. ஒருத்தரும் பொய் சொல்லேல்லை, எல்லாரும் நம்பித்தான் சொன்னவை. ஒரு இடத்துக்கும் நாங்கள் திரும்பிப் போகேல்லை, ரஷ்மி. எனக்கு இன்னொருக்காப் பெட்டி கட்ட ஏலாது.

— நான் தனியா போறேன்னு சொல்லலையே. வான்னுதான் கூப்பிடப் போறேன்.

— அம்மாவை என்ன செய்யிறது? இஞ்ச கோயில், டொக்டர், நாலு தெரிஞ்ச முகம் எண்டு இப்பதான் அவவுக்கு நித்திரை வருது. நான் வரமாட்டன். நீர் போவீர். போனா அங்க உமக்கு ஒரு வேலை, புதுச் சனம். பேந்து ஒரு வருசம் ரெண்டாகும். எனக்குத் தெரியாதே?

— அப்போ அதான் ஆறா?

— விசர்க் கதை கதையாதையும். அதுக்கும் மார்க்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆர் செய்தது எண்டு தெரியாமத்தானே போட்டனான்? நீர் இப்பதானே சொன்னனீர்?

— அதுவும் சரிதான்.

— பிறகென்ன.

— சத்தியமா தெரியாது?

— ரஷ்மி, என்ன சின்னப்பிள்ளை மாதிரி...

— என் முகத்தப் பாத்துச் சொல்லு நிமல். ஜன்னல பாக்காத.

— சத்தியமாத் தெரியாது.

— சரி. அப்போ ஆறுதான்.

— கோவமா?

— இல்ல. கோவம் வந்தா நல்லாருக்கும், வர மாட்டேங்குது. கமெண்ட்ல ஆயிரம் பேர் சூப்பர்னு போட்டாலும் நான் நம்ப மாட்டேன். இந்த விஷயத்துல உன் கண்ண மட்டும்தான் நம்புறேன். பேர் தெரியாம, முகம் தெரியாம நீ ஆறுங்கிற. அப்போ எனக்கு வரல. அவ்வளவுதானே?

— அப்பிடி நான் சொல்லேல்லை.

— இனிமே வெட்ட மாட்டேன். அந்த சாஃப்ட்வேர இன்னிக்கே தூக்கிடுறேன். திங்கக்கிழமை ஹெட்செட். சேனல வேணா நீ மட்டும் பண்ணு.

— ஐயோ, அப்பிடி ஏன் கதைக்கிறீர்? உமக்குக் கை இருக்கு. நல்ல கை.

— ஆறு மார்க் கையா?

— ஒரு வீடியோவை வைச்சு...

— அந்த ஒரு வீடியோவுல என்கிட்ட இருக்கிறது எல்லாத்தையும் போட்டுட்டேன், நிமல். அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல. அழுகை வருது, என்ன பாக்காத. ரவினேஷுக்கு டைப் பண்றேன். நிமலன், ஆறு.

— கொஞ்சம் பொறும்.

— எதுக்கு?

— இல்லை, ஒண்டுமில்லை. அனுப்பும்.

— ரவினேஷோட மார்க் ஃபார்ம் அனுப்ப விட மாட்டேங்குது. ஏழுக்குக் கொறஞ்சா தப்பு எங்கனு ஒரு வரி எழுதணுமாம். சொல்லு.

— ஏதாவது எழுதிவிடும். சலிப்பா இருக்கு எண்டு எழுதும்.

— முடியாது. ரவினேஷுக்காக இல்ல, எனக்கு வேணும். எங்க தப்பு பண்ணேன்னு தெரியாம எனக்கு ராத்திரி தூக்கம் வராது. நீ எப்பவும் எடத்தக் காட்டித்தான பேசுவ? எந்த எடம்?

— விடும் ரஷ்மி.

— எந்த எடம்? நீ சொல்லாம கார எடுக்க விட மாட்டேன்.

— என்ன கோதாரியப்பா இது! சரி. வெளிச்சவீட்டுக் கதவு. அந்தப் பெட்டை தள்ளித் திறக்கேக்க, மேல் மூலையில சிவப்புக் கோடு தெரியுது. உயிர் எவ்வளவு மிச்சம் எண்டு காட்டுற கோடு. நீர் அதை மறைக்க மறந்திட்டீர். அதுவரைக்கும் நான் இது கேம் எண்டதையே மறந்துபோய் இருந்தனான், உண்மையாத்தான் சொல்லுறன். அந்தக் கோட்டைக் கண்ட உடனே எல்லாம் விழுந்துபோச்சு. போதுமா? அதை எழுதும்.

— லைட்ஹவுஸ் கதவா?

— ஓம்.

— கடலப் பாத்த மாதிரி, துருப்பிடிச்ச கதவு?

— ஓம், அதுதான். பெட்டை தோளால ரெண்டு தரம் இடிக்கும், மூண்டாவதுக்குத்தான் திறக்கும்.

— நல்லா யோசிச்சுச் சொல்லு, நிமல். அத இன்னிக்குத்தான் பாத்தியா? இங்க, இந்தக் கார்ல?

— வேற எங்க பாக்கிறது? டீ வாங்கப் போக முன்னம் பாத்தனான். கண்ணுக்குள்ள நிக்குது. ஏன், என்ன? ஏன் ஃபோனைக் கீழ வைச்சிட்டீர்?

— அந்தச் சிவப்புக் கோட்ட மறைக்க என்னால முடியல. அதனால லைட்ஹவுஸ் கதவ மொத்தமா வெட்டித் தூக்கிட்டுத்தான் ரவினேஷுக்கு அனுப்பினேன். அது இருக்கிறது நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல மட்டும்தான். நீ இன்னிக்குப் பாத்த வீடியோல அந்தக் கதவே கெடையாது.