சுத்தமான கோடு

எனக்குக் கைராசி உண்டு என்பார்கள், ஐயா. நான் ஊசி குத்தி ரத்தம் எடுத்தால் குழந்தைகள்கூட அழாது. முப்பது வருடமாக மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். வெள்ளையணுக்களை நுண்ணோக்கியில் கண்ணாலேயே எண்ணிவிடுவேன். என் எண்ணிக்கையை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

தொழிற்சாலையில் குழாய்களைக் கதிர்வீச்சால் சோதிக்கும் கருவியிலிருந்து கதிர்வீசும் துண்டு ஒன்று கழன்று விழுந்திருக்கிறது. தரையைப் பெருக்கியவள் அதைத் திருகாணி என்று நினைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். அவளோடு சேர்த்து மூன்று பேர் எங்களிடம் வந்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தேன்.

"எல்லாத்தையும் நீங்களே குடிக்கிறீங்களாண்ணா? உங்களுக்குக் கொசுவே தேவலை" என்பாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வார்டு டாக்டரின் விதி எளிது. இரண்டாம் நாள் எண்ணிக்கை ஐந்நூற்றுக்குக் கீழே இறங்கினால், வெள்ளையணுக்களை வளர்க்கும் ஊசியை உடனே தொடங்குவார். மற்ற இருவருக்கும் தொடங்கினார். ஊசி உள்ளே போனதும், எண்ணிக்கை நாளுக்கு நாள் இறங்கி ஏறுவதைக் காட்டும் வரைபடக் கோடு குழம்பிவிடும். கதிர்வீச்சு செய்தது எது, மருந்து செய்தது எது என்று பிரிக்க முடியாது. மருந்து படாத கோட்டை நான் பார்த்ததே இல்லை. அடுத்த விபத்தில் வருகிறவர்களுக்கு அது உதவும் அல்லவா?

அவளுக்கு நானூற்றுப் பத்து இருந்தது. ஆயிரத்து நூற்றுப் பத்து என்று எழுதினேன்.

அவள் கணவர் என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "வயித்துல பால வார்த்தீங்க சார்" என்றார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"அவங்க ரெண்டு பேருக்கும் ஊசி போடறாங்க. எனக்கு மட்டும் ஏண்ணா இல்ல?"

"உன் ரத்தம் நல்லா இருக்கும்மா."

பதினாறாம் நாள் அவளுக்கு முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. டாக்டர் தாளோடு வந்தார். "ஆளைப் பார்த்தா இந்த எண்ணிக்கையை நம்ப முடியலையே. மெஷின்ல ஒருதடவை பார்க்கலாமா?"

"மெஷின் தப்பு பண்ணும் டாக்டர். நான் கண்ணால எண்ணியிருக்கேன்."

என்மேல் இருந்த மரியாதையில் அவர் திரும்பிப் போனார். அவருக்கு ஒரு தாள், எனக்கு ஒரு தாள் என்று இரண்டு வைத்திருந்தேன். என் தாளில் ஓர் எண்கூடப் பொய் இல்லை. நீங்களே சரிபார்க்கலாம்.

இருபத்தேழாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். மற்ற இருவரும் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள்.

ஊசியைத் தடுத்தது நான்தான். ஆனால் கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அன்று முழுக்க அழுதேன், ஐயா. இன்னும் நான்கு நாள் தாங்கியிருந்தால், கோடு தானாக மேலே ஏறுமா என்பது தெரிந்திருக்கும்.