வாரிக் ஐயா போட்ட கோடு

மேடையில் வீற்றிருக்கும் நகரத் தலைவர் அவர்களே, போதகர் அவர்களே, தாலினிலிருந்து ரயிலில் வந்திருக்கும் பெரிய அதிகாரி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வாரிக் ஐயாவின் துணைவியார் ஹெர்மீனே அம்மையார் அவர்களே, மாரோவா ஊரிலிருந்து பனியில் நடந்து வந்திருக்கும் என் மக்களே, எல்லோருக்கும் திம்மோவின் வணக்கம்.

மாண்புமிகு ஹிண்ட்ரெக் வாரிக் அவர்கள் மறைந்து இன்று நாற்பதாவது நாள். இந்த உரையை எழுத எனக்கு அந்த நாற்பது நாளும் ஆனது. ஒவ்வோர் எழுத்தையும் என் கையால் எழுதினேன். ஆகையால் தலைவர் அவர்கள் பாதியில் மணியை அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு முன் பேசியவர்கள் வாரிக் ஐயா இரண்டு முறை அமைச்சராக இருந்தார் என்றார்கள். மூன்று தலைநகரங்களில் எஸ்தோனியாவின் தூதராக இருந்தார் என்றார்கள். நம் எல்லையை வரைந்த சிற்பி என்றார்கள். நினைத்ததை எல்லாம் முடித்த மனிதர் என்றும் ஒருவர் சொன்னார். நினைத்ததை முடித்தாரா? எதை முடித்தார்? பதினாறு ஆண்டு அவர் கேட்டது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளைக் கூட யாரும் அவருக்குக் கொடுக்கவில்லையே!

அந்தக் கதையை மேடையில் யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதில், சண்டை ஓய்ந்த பிறகு, எல்லை அளக்க வந்த குழுவில் வாரிக் ஐயா இருந்தார். அவர் எங்கள் ஊர் மேட்டுக்கு வந்த நாள் ஆகஸ்டு பத்தொன்பது. ஓடைக்கு அந்தப் பக்கம் பிர்ச் மரத் தோப்பில் ஊரே உட்கார்ந்திருந்தது. வெள்ளைத் துணி விரித்து, அவித்த முட்டை, பாலாடைக்கட்டி, அப்பம், சாராயம் எல்லாம் கை மாறிக்கொண்டிருந்தன. பெண்கள் பாடினார்கள். மேட்டிலிருந்து பார்த்தவர் வரைபடத்தில் எழுதினார்: "ஊர் விளையாட்டுத் திடல். பயன் குறைவு."

அவர் லூத்தரன் சபைக்காரர். அவர்கள் கல்லறையில் தலை குனிந்து நிற்பார்கள். ஒரு துண்டு ரொட்டி வாயில் வைக்க மாட்டார்கள். நாங்கள் செட்டோ இனத்தார், கிழக்குச் சபைக்காரர்கள். ஆகஸ்டு பத்தொன்பதில் வரும் எங்கள் பெரிய நாளில் செத்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடாவிட்டால் அவர்கள் வருடம் முழுக்கப் பசியோடு கிடப்பார்கள். துணி விரித்திருந்தது கல்லறைகளின் மேல். மரச்சிலுவைகள் இலைக்குள் மறைந்திருந்தன. அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. தொப்பி வைத்த அதிகாரிகளைக் கண்டால் வாயை மூடிக்கொள்வது எங்கள் பழக்கம். அந்தப் பழக்கம் நாசமாகப் போக!

"திடலை" எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய நாட்டுக்கு விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக எங்கள் மாடுகளுக்கு ஒரு நல்ல புல்வெளியை வாங்கிக் கொடுத்தார். எங்களுக்கு நல்லது செய்ததாகவே நினைத்தார். இரண்டு ஆண்டு கழித்து, புல் அறுப்பைப் பார்க்க மகிழ்ச்சியோடு வந்தார். அப்போது எங்கள் ஓக்சே, இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாள், நீளப் பிடி போட்ட அரிவாளை ஊன்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"புல்லு நல்லாத்தான் இருக்கு ஐயா. மாடெல்லாம் உங்கள வாழ்த்தும். என் வீட்டுக்காரர அந்தப் பக்கம் தள்ளிட்டீங்களே, அவருக்கு யாரு சாப்பாடு போடறது?"

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா இருக்காரு?"

"நீங்க விளையாட்டுத் திடல்னு எழுதினீங்களே, அங்கதான். அஞ்சு வருஷமா ஒரே இடத்துல படுத்து விளையாடறாரு."

வாரிக் ஐயா புல் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றினார். நான் பக்கத்தில் இருந்தேன். "தப்பு பண்ணிட்டேன்" என்றார். நண்பர்களே, நம் நாட்டில் எத்தனை அமைச்சர்கள் இருந்தார்கள்? அந்தச் சொல்லை வேறு யார் வாயிலிருந்து கேட்டீர்கள்?

கோட்டை அழிக்க அவரால் முடியவில்லை. ஆகவே வருடத்துக்கு ஒரு நாள், ஆகஸ்டு பத்தொன்பது மட்டும், மாரோவா மக்கள் ஓடையைத் தாண்டிப் போய் வர அனுமதி கேட்டார். எழுதினார். பதில் வந்தது: பரிசீலனையில் இருக்கிறது. மறுபடி எழுதினார். பரிசீலனையில் இருக்கிறது! தூதராகப் போன இடத்தில், ஒரு விருந்தில், அந்தப் பெரிய நாட்டின் தூதர் பக்கத்தில் உட்கார்ந்தபோதும் இதையே பேசினார். அந்த ஆள் சிரித்தாராம்.

"செத்தவங்களுக்கு விசாவா கேக்கறீங்க?"

"அவங்க ஏற்கெனவே உங்க ஊர்லதான் இருக்காங்க. உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் கேக்கறேன்."

அமைச்சரானபோது, அந்த நாட்டோடு நடந்த வெண்ணெய் ஒப்பந்தப் பேச்சில் இந்தக் கோரிக்கையையும் சேர்த்தார். சொந்த ஆட்களே கையைப் பிடித்தார்கள். "இத விடுங்க, வெண்ணெய் கெட்டுப்போகும்" என்றார்கள். அவர் விடவில்லை. எட்டு மாதத்தில் பதவிதான் போனது. வெண்ணெய் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

ஒரே ஒரு முறை, முப்பத்தொன்றில், அனுமதி கிடைத்தது. பன்னிரண்டு பேர், காலை முதல் மாலை வரை. ஊரே ஆடியது! ஆனால் தாள் நம் தலைநகரம் தாலின் வழியாக வந்தது அல்லவா? அங்கே ஒரு எழுத்தர் சபை நாட்காட்டியைப் பார்த்திருக்கிறார். இந்தத் திருநாள் ஆகஸ்டு ஆறு என்று அதில் இருந்தது. வாரிக் ஐயா ஏதோ மறதியில் எழுதிவிட்டார் என்று நினைத்து, அழகாகத் திருத்தி அனுப்பிவிட்டார். நாங்கள் இன்னும் பழைய நாட்காட்டியில் இருப்பவர்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் உலகத்துக்கும் பதின்மூன்று நாள் தூரம்.

வாரிக் ஐயா ஓடி வந்தார். கெஞ்சினார். "இந்த ஒரு வருஷம் ஆறாம் தேதியே போயிட்டு வாங்களேன்!"

ஓக்சே சொன்னாள்: "விருந்துக்குக் கூப்பிட்ட நாளுக்குப் பதிமூணு நாள் முன்னாடியே ஒருத்தன் வந்து நின்னா நீங்க கதவத் திறப்பீங்களா ஐயா?"

யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. இன்று சொல்கிறேன், போயிருக்க வேண்டும்! அவ்வளவு பாடுபட்டு வாங்கித் தந்த ஒரே தாளை நம் பிடிவாதத்தால் வீணாக்கினோம். ஓக்சே, முறைக்காதே. உன்னை மட்டும் சொல்லவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தப் பத்தொன்பதாம் தேதி, ஓடைக்கு இந்தப் பக்கம் ஈரப் புல்லில் துணி விரித்து, அந்தத் தோப்பைப் பார்த்தபடி சாப்பிட்டோம். வாரிக் ஐயாவும் எங்களோடு உட்கார்ந்தார். ஒரு முட்டையை உரித்துக் கையிலேயே வைத்திருந்தார். தின்னவே இல்லை.

போன குளிர்காலம் என்னை வீட்டுக்கு அழைத்தார். படுக்கையில் இருந்தார்.

"திம்மோ, என் கையெழுத்தப் பாத்தாலே கட்டுக்கு அடியில சொருகிடறாங்க. அடுத்தத நீ எழுது."

"எனக்கு எழுத வராதே ஐயா."

"தெரியும். கத்துக்க."

"எழுபத்திரண்டு வயசாச்சு!"

"எனக்கே அவசரம் இல்ல, உனக்கென்ன? மெதுவா எழுது."

கற்றுக்கொண்டேன். முதல் எழுத்துகளை ஹெர்மீனே அம்மையார் காட்டிக் கொடுத்தார். இன்று இந்தப் பெத்செரி நகரத் தெருவில் நடந்தால் ஒவ்வொரு கடைப் பலகையும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கிறது. துக்கக் கூட்டத்தில் நின்றுகொண்டு இப்படி மகிழ்கிறேனே என்று தப்பாக நினைக்காதீர்கள். அவர் தந்துவிட்டுப் போனது அது.

வாரிக் ஐயா லூத்தரன் கல்லறையில் படுத்திருக்கிறார். அவர் ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிறார். அவரிடம் போக யாருடைய அனுமதியும் தேவையில்லை. வரும் பெரிய நாளில் அங்கே துணி விரிப்போம். அம்மையாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "முட்டை எத்தன அவிக்கணும்?"

ஆனால் அதோடு நிறுத்த மாட்டோம். அவர் எழுதியவை பதினாறு கடிதங்கள். பதினேழாவது இதோ என் கையில் இருக்கிறது. அவரைப் புகழ்ந்த மேடைப் பெரியவர்களே, மலர் வளையத்தை அந்த மூலையில் வைத்துவிட்டு வந்து இதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். அனுமதி கிடைக்கவில்லை என்றால் பதினெட்டாவதை எழுதுவேன். நான் இல்லை என்றால் ஓக்சேயின் மகள் எழுதுவாள். இது அவர் மேல் நாங்கள் எடுக்கும் உறுதி.

தாலின் அதிகாரி அவர்களே, கடிதம் உங்கள் அலுவலகம் வழியாகத்தான் போகும். எழுத்துகள் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தேதி ஆகஸ்டு பத்தொன்பது. நானே எழுதினேன். தயவு செய்து யாரும் திருத்த வேண்டாம்.