சகலையின் வெள்ளைச் சட்டை

வெள்ளைத் துணியையும் சாயம் போகிற துணியையும் ஒன்றாகப் போட்டுத் துவைக்கிறவர்களைக்கூட நான் கடிந்து பேசியதில்லை, மேடம். என் சுபாவம் அப்படி. என் மனைவியின் தங்கையும் அவள் கணவரும் பிரிவது என்று கோர்ட் வரை வந்துவிட்டார்கள். குடும்ப ஆலோசகர் என்ற முறையில், உண்மையில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டுமென்றால் மெஷின்களிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆறு பழைய வாஷிங் மெஷின்கள் இருக்கின்றன. இரட்டைத் தொட்டி ஒன்று. முன்பக்கம் வட்டக் கண்ணாடி வைத்தவை மூன்று. மேல்மூடி போட்டது ஒன்று. எல்லாவற்றுக்கும் மூத்தது, தலையில் இரண்டு ரப்பர் உருளைகளைச் சுமந்துகொண்டிருக்கும். துணியை நடுவில் கொடுத்தால் அப்பளம் மாதிரி சப்பையாக்கித் தள்ளும். எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்தவை. பெல்ட் மாற்றி, துரு சுரண்டி, மோட்டாருக்குச் சுருள் கட்டி உயிர் கொடுத்தவன் நான்.

வாங்குவதில் கஷ்டமில்லை. வைத்துக்கொள்வதில்தான் இருக்கிறது. ஓடாத மெஷினில் ரப்பர் காய்ந்து வெடிக்கும், கிரீஸ் கட்டிதட்டும். ஆறும் ஓட வேண்டும். வீட்டில் நாங்கள் இரண்டே பேர், பிள்ளைகள் இல்லை. எங்கள் அழுக்கு ஒரு மெஷினுக்கே காணாது. திரைச்சீலையைத் துவைத்தேன். துவைத்த திரைச்சீலையைத் திரும்பத் துவைத்தேன். ஒருநாள் என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"வீட்டுக்கு வர்றவங்ககிட்ட சட்டையைக் கழட்டிக் குடுங்கன்னு இனிமே கேக்காதீங்க. எனக்கு மானம் போகுது."

அந்தச் சமயத்தில்தான் கொழுந்தியாள் புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்தாள். இடுப்புக்கு ஒன்றாக இரட்டைக் குழந்தைகள். வந்த அன்றே ஒரு வாளி நிறையத் துணி விழுந்தது. மறுநாள் இரண்டு வாளி.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது. காலையில் ஆறும் ஒன்றாக ஓடும். தரை லேசாக அதிரும். வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் குட்டிக் குட்டிச் சட்டைகள் உருண்டு புரளும். எனக்கு ரத்தக் கொதிப்பு இறங்கிவிட்டதாக டாக்டரே சொன்னார்.

பிறகு சகலை சமாதானம் பேச வந்தார். தங்கமான மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "தப்பு என் மேலதான், நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். கொழுந்தியாள் அழுதாள், பிறகு சிரித்தாள். மறுநாள் காலையில் கிளம்புவதாக முடிவாயிற்று. என் மனைவி பாயசம் வைக்கப் போனாள். நான் பின்கட்டுக்குப் போய் மெஷின்களைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

சாயங்காலம் ஒரு குழந்தை சகலையின் வெள்ளைச் சட்டையில் பாலைக் கக்கிவிட்டது. "குடுங்க சகலை, துவைச்சு வைக்கிறேன்" என்றேன்.

மெஷின்களைச் சோதிக்க நான் கறைகள் வைத்திருப்பேன்: மை, காப்பி டிகாஷன், சைக்கிள் கிரீஸ். லிப்ஸ்டிக்கும் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் யாரும் போடாத அடர்ந்த சிவப்பு. காலரின் உள்மடிப்பில் ஓரமாக வைத்தேன். அப்படியே விட்டால் அது புதுக் கறை. புதுக் கறையை யாரும் நம்ப மாட்டார்கள். பச்சைத் தண்ணீரில், சோப்புக் குறைவாக, இரண்டு முறை ஓடவிட்டேன். பல மாதப் பழசு போல மங்கி, நூலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நேர்த்தியாக அமைந்த வேலை என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

சட்டையை இஸ்திரி போடக் கொழுந்தியாளிடம் கொடுத்தேன். அவள் காலரை மடித்தாள், நிறுத்தினாள்.

"அத்தான், இது என்ன, போகலையே?"

"நானும் என்னென்னவோ போட்டுப் பாத்தேம்மா. சில கறை போறதில்ல."

சகலை சத்தியம் செய்தார். குழந்தைகள் தலையில் கை வைத்துச் செய்தார். நான் அவர் பக்கம்தான் பேசினேன். "விடும்மா, ஆம்பளைங்கன்னா அப்படி இப்படி இருக்கத்தான் செய்வாங்க. மன்னிச்சுடு" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. பாயசம் ஆறிப் போயிற்று. அவர் தனியாகத்தான் கிளம்பினார்.

வாராவாரம் பிள்ளைகளைப் பார்க்க வந்தார். இளைத்துக்கொண்டே போனார். அவருடைய அழுக்குத் துணியையும் கொண்டுவரச் சொல்லி நான்தான் துவைத்துக் கொடுத்தேன். தனியாக இருக்கிற ஆண்பிள்ளை, பாவம். ஒருநாள் அவர் எதிரிலேயே சின்னவன் என்னை அப்பா என்று கூப்பிட்டான். "பெரியப்பான்னு சொல்லணும்" என்று அந்த இடத்திலேயே திருத்தினேன். எதிலும் நியாயம் பார்க்கிறவன் நான்.

குறை என்னவென்றால் குழந்தைகள் வளர்கின்றன. படுக்கப் போகும் முன் இரண்டு பேருக்கும் தம்ளர் நிறைய ஜூஸ் கொடுத்துப் பார்த்தேன். படுக்கை விரிப்புகள் கொஞ்ச காலம் கைகொடுத்தன. இப்போது அதுவும் நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் போகிறார்கள், ஆளுக்கு ஒரு சீருடை. போதாக்குறைக்குக் கொழுந்தியாளுக்கு வேலை கிடைத்து, பிள்ளைகளோடு தனி வீடு பார்க்கிறாள். அங்கே புது மெஷினாம், பட்டனைத் தட்டினால் பாட்டுப் பாடுமாம்.

அதனால்தான் உங்கள் முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். என் சகலை குற்றமற்றவர். கறை வைத்தது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்ப்பது எனக்குப் புரியவில்லை. பிரிந்தவர்களைச் சேர்த்து வைக்கத்தானே வந்திருக்கிறேன்.

எங்கள் மாடி அறை காலியாக இருக்கிறது, நல்ல காற்றோட்டம். இரண்டு பேரும் அங்கேயே தங்கலாம், வாடகை வேண்டாம். இளம் வயதுதான், இன்னும் ஒன்றோ இரண்டோ பெற்றுக்கொள்ளத் தெம்பிருக்கிறது. அதை மட்டும் நான் சொன்னதாக அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள், மேடம். அது புருஷன் பெண்டாட்டி விஷயம். அடுத்தவர் குடும்பத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை.