விண்ணப்பத்தின் பின்பக்கம்

இல்லீங்க சார், மனுவ வாங்க மாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே. உக்காருங்க. தகவல் கேக்கறது உங்க உரிமை, குடுக்கறது எங்க வேல. எல்லா விண்ணப்பமும் முழுசா நகல் வேணும்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த முழுசாங்கறத மட்டும் அடிச்சுட்டுக் குடுங்கன்னுதான் கேக்கறேன்.

மறைக்கறதுக்கு என்ன இருக்குதுங்களா? நானும் அப்பிடிக் கேட்டவதானுங்க. தேயில வெல சரிஞ்சு, பறிக்கற கூலிக்கே கட்டாமப் போச்சுங்களே, அப்பத்தான் எங்க ஆபீஸ்ல இந்தத் திட்டம் வந்துது. தேயிலயப் புடுங்கிட்டு சோலை மரம் வளத்தறேன்னு எடத்த எழுதிக் குடுத்தா, நாத்தும் ஒதவித்தொகையும் தருவோம். பெரிய எஸ்டேட்காரரு ஒருத்தரு அதை வாங்கிட்டு, அவலாஞ்சிப் பக்கம் சோலை வளத்தறேன்னு எழுதிக் குடுத்த எடத்துலயே பங்களா கட்டுனாரு. ஆருன்னு சனங்க கேட்டப்ப, அது தனிப்பட்ட தகவல்னு எங்க ஆபீசு கைய விரிச்சுருச்சு. எனக்கு வந்த கோவம் இருக்கே. ஊர்க் காச வாங்குனவன் பேரு ஊருக்குத் தெரியட்டும்னு ஆபீசரோட சண்டையே போட்டேன்.

அதனால போன வருசம் கீழ் கோத்தகிரியில இருந்து ஒருத்தரு மனுப் போட்டப்ப, நானே முன்ன நின்னு நகல் எடுத்தேன். பேரு, சர்வே நம்பர், அளவு, எல்லாம் தெரியலாம். தேயிலய ஏன் விடறீங்கன்னு ஒரு கட்டம் இருக்கும், அது தெரியக் கூடாது. புருசன் குடிக்கறது, மருமக கோவிச்சுட்டுப் போனது, மனசு விட்டுச் சொன்னதெல்லாம் அதுலதான் இருக்கும். எழுதத் தெரியாதவங்களுக்கு நான்தான் எழுதுவேன். ஜெராக்ஸ் எடுக்கறப்ப அந்தக் கட்டத்து மேல ஒரு வெள்ளை அட்டைய வெச்சுக்குவேன். நாப்பத்தி மூணு விண்ணப்பம். நாப்பத்தி மூணுக்கும் வெச்சேனுங்க.

ஒண்ணே ஒண்ணுல மட்டும் எழுத்து கட்டத்துல அடங்காமப் பின்பக்கத்துக்குப் போயிருந்துது. சீலு பின்னாடிதான இருக்குது, அதனால ரெண்டு பக்கமும் நகல் எடுப்போம். கரண்டு போறதுக்குள்ள முடிக்கணும்னு அவசரம். பின்பக்கத்துக்கு அட்ட வெக்கல.

பிராங்ளின்னு ஒருத்தரோடதுங்க. மகளுக்கு வலிப்பு, மாத்தர சாப்பிட்டா வராது, அவரேதான் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போறாரு, தோட்டத்தப் பாக்க ஆளில்ல, வெளிய தெரியாமப் பாத்துக்கறோம்னு எல்லாம் எழுதியிருந்துது.

மனுப் போட்டவரு கெட்டவரில்லீங்க. ஊருக்குத் தெரியணும்னு, எல எடை போடற கொட்டாய்ச் செவுத்துல மொத்தத்தயும் ஒட்டீட்டாரு. எல கொண்டாந்தவங்கெல்லாம் வரிசையில நின்னு படிச்சாங்க. பெருச்சாளிக்கு வெச்ச பொறியில கோழிக்குஞ்சு விழுந்த மாதிரி ஆயிப்போச்சு.

அந்தப் புள்ள கெஸியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, சர்ச்சுல மூணு வாரம் வாசிக்கற கல்யாண ஓலைய ரெண்டு ஞாயித்துக்கெழம வாசிச்சாச்சு. மூணாவது ஓலைக்கு முன்னால மாப்பள ஊட்டுல நிறுத்தச் சொல்லீட்டாங்க. மறைச்சாங்களான்னா, இல்லீங்க. மாப்பளகிட்ட அந்தப் புள்ளையே முன்னாடி சொல்லியிருந்துது. பரவால்லன்னுதான் அவனும் சொன்னான். ஊரே படிச்சதுக்கப்புறம் அவனால நிக்க முடியல.

எனக்கு ஒண்ணுமில்லைன்னு காட்டறேன் பாருங்கன்னு, அது மாத்தரய நிறுத்திருச்சு. ஊட்டுல ஆருக்கும் தெரியல. பதினோராம் நாளு, தண்ணித் தொட்டிகிட்டத் துணி தொவைக்கப் போச்சு. வலிப்பு வந்து அங்கயே உசுரு போயிருச்சுங்க.

வேண்டாங்க சார், தண்ணி வேண்டாம். எனக்கு ஒண்ணுமில்ல.

நீங்க கேக்கறது தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன். அந்தப் பங்களா இன்னும் அங்கதான் நிக்குது. பேரு, நம்பர், அளவு, வாங்குன தொகை, அத்தனையும் நாளைக்கே தாரேன். காரணம் மட்டும் வேண்டாம். அடிச்சுட்டுப் பக்கத்துலயே ஒரு கையெழுத்துப் போடுங்க.

அது ஒண்ணு மட்டும் ஏன் பின்பக்கம் போச்சுங்களா? மத்தவங்க சொல்லச் சொல்ல நான் கட்டத்துக்குள்ளயே முடிச்சுருவேன். இதுக்குச் சொல்ல ஆரும் வரல, ஊட்டுல உக்காந்து நானே எழுதுனேன். பிராங்ளின் எங்க ஊட்டுக்காரருங்க. பெத்த புள்ளையப் பத்தி எழுதறப்ப, எங்க நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியலீங்க.