கிணறு அன்று நன்றாகப் பேசியது

"இல்ல, கிணத்துக்குள்ள ஸ்பீக்கர் எல்லாம் கிடையாது. அதுக்கெல்லாம் நாங்க எங்க போறது," என்றேன். "டீயைக் குடிங்க, ஆறுது."

அந்தப் பெண் சிரித்தாள். இப்போது இல்லாமல் போய்விட்ட சாலையோர வேடிக்கை இடங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுகிறாளாம். பேசும் கிணற்றை நடத்தியவன் டயர் கடை மாடியில் குடியிருக்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், படியேறி வந்துவிட்டாள். அறையில் இருந்த ஒரே நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

"சின்னப் பொண்ணா இருக்கும்போது ஸ்கூல் பஸ்ல வந்தேன் சார். மழை பெஞ்சு விட்ட நாள். எல்லாருக்கும் முன்னாடி போய் நின்னுட்டேன். கிணறு எங்களைப் பார்த்து 'அண்ணா, அண்ணா'ன்னு கூப்பிட்டுச்சு. பொம்பளப் பிள்ளைங்க நாங்க! சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுது. என் வாழ்க்கையிலயே சந்தோஷமான நாள் எதுன்னு கேட்டா அதைத்தான் சொல்வேன்."

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் வழக்கமான கதையைச் சொல்லி அனுப்பியிருப்பேன். அந்தப் பஸ்ஸில் வந்த யாரும் அதுவரை என் எதிரில் உட்கார்ந்ததில்லை. அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

கிணறு அப்பா தோண்டியது. தண்ணீர் உப்பு. எதற்கும் உதவாத கிணற்றை வேடிக்கை ஆக்கியதும் அவர்தான். உள்ளே பக்கச் சுவரில் பம்பு வைக்கக் குடைந்த அறை ஒன்று இருந்தது. டிக்கெட் கூண்டின் தரையில் ஓர் இரும்பு மூடி. அதைத் தூக்கினால் குறுகலான படி, படிக்குக் கீழே அந்த அறை. கிணற்றுப் பக்கம் பார்த்த அதன் வாயில் கம்பிவலை அடித்துச் செடி படரவிட்டிருந்தோம். மேலிருந்து எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த அறையில் என் தம்பி உட்கார்ந்திருப்பான்.

யாராவது கத்தினால் இரண்டு முறை அப்படியே திருப்பிச் சொல்வான். மூன்றாவது முறை பதில் சொல்வான். "மாமா!" என்று ஒருவர் கத்தினால், "மாமா... மாமா... எப்ப ஊருக்குக் கிளம்புறீங்க?" என்று வரும். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். கிணற்றின் ஓரமாக நின்று கூட்டத்தை நடத்துகிறவன் நான். கைதட்டல் எனக்குத்தான் கிடைக்கும்.

அப்பா ஒரு விதி வைத்திருந்தார். தம்பி வெளியே பேசக் கூடாது. குரல் தெரிந்துபோனால் வித்தை போய்விடும் அல்லவா? சிறு வயதிலிருந்தே எதிர் டீக்கடையில் விரலைக் காட்டித்தான் டீ வாங்குவான். சாலையில் எல்லோரும் அவனை ஊமையன் என்பார்கள். டீக்கடைக்காரர் பாவப்பட்டு ஒரு பிஸ்கட் சேர்த்துக் கொடுப்பார். அவன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, "ஊமையா பொறந்ததுக்கு இதாவது கிடைக்குதே" என்று என்னிடம் பாதி நீட்டுவான்.

அப்பா போன பிறகு விதியை நான் காப்பாற்றினேன். நல்ல அண்ணனாகத்தான் இருந்தேன் என்று நினைக்கிறேன். அவனுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டேன். அவன் சட்டைகளையும் நானே துவைத்தேன்.

பிறகு புதுச்சாலை வேறு பக்கமாகப் போனது. எங்கள் பக்கம் வண்டிகள் வருவது நின்றது. ஒருநாள் தம்பி சொன்னான்:

"அண்ணா, பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொல்ற வேலை இருக்காம். நான் போறேன். மைக்குல, எல்லாருக்கும் கேக்குற மாதிரி பேசணும்."

"அப்ப கிணறு?"

"கிணறு கிணறா இருக்கட்டுமே. எனக்கு நாலு பேரோட பேசணும்ணா."

நான் கோபப்படவில்லை. அவன் இல்லாமல் நான் வெறும் பள்ளத்தின் பக்கத்தில் நிற்கிறவன், அவ்வளவுதான். அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியற்காலையிலிருந்து மழை. மதியம் விட்டது. அந்த நேரத்தில்தான் இந்தப் பெண் இருந்த ஸ்கூல் பஸ் வந்து நின்றது. மாதக்கணக்காக நான் காணாத கூட்டம், அத்தனையும் குழந்தைகள். தம்பி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வேண்டாமென்று தலையை ஆட்டினான். மழை நின்றாலும் கிணற்றில் ஊற்று மூடி மட்டம்வரை ஏறிக்கொண்டேயிருக்கும். அப்படிப்பட்ட நாளில் காட்சி கிடையாது என்பதும் அப்பா வைத்த விதிதான்.

"இந்த ஒரு பஸ்டா," என்றேன். "அப்புறம் நீ உன் மைக்குக்குப் போ."

அவன் இறங்கினான். அவனுக்குப் பாதியில் எழுந்து வந்துவிடுகிற பழக்கம் உண்டு. அதனால் மூடியின் தாழ்ப்பாளைப் போட்டேன். இந்தக் காரணத்தை நான் பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். எப்போது சொன்னாலும் நியாயமாகத்தான் இருக்கிறது.

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஓர் ஆசிரியை, "சத்தம் போடாதீங்க!" என்று கத்தினார். "போடாதீங்க... போடாதீங்க... நீங்கதான் டீச்சர் போடுறீங்க," என்றது கிணறு. பிள்ளைகள் குதித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் யாரும் கத்தாமலே கிணறு பேசியது.

"அண்ணா, தண்ணி வருது. அண்ணா, திற."

பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். "கிணத்துல தண்ணி வராம என்ன பாலா வரும்?" என்றேன். எத்தனையோ வருஷம் கூட்டத்தின் முன் நின்றவன், வாயில் தானாக வந்தது. அவ்வளவு பெரிய சிரிப்பை அதற்கு முன் நான் வாங்கியதில்லை. "கிணறு உங்களை அண்ணாங்குது. நீங்களும் கூப்பிடுங்க," என்றேன். எல்லோரும் குனிந்து, "அண்ணா!" என்றார்கள். கீழேயிருந்தும் "அண்ணா!" என்று வந்தது. மறுபடி இவர்கள். மறுபடி அவன்.

கூண்டுக்குள் மூடியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கூண்டு எட்டி நடக்கிற தூரம்கூட இல்லை. நான் போனேன். அங்கிருந்த ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுக் கிணற்றடிக்குத் திரும்பினேன். டீக்கடைக்காரர் சாலைக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னிக்குக் கிணறு அருமையாப் பேசுதேப்பா!" என்று கை காட்டினார். அவரும் அந்தக் குரலை வெளியே கேட்டதில்லை.

பிள்ளைகள் ஓய்ந்தார்கள். தனியாக ஓர் "அண்ணா" கேட்டது. அப்புறம் இல்லை. அதற்குப் பிறகும் நான் அவர்களை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுக்க விட்டேன். ஆசிரியை நன்றி சொன்னார். பஸ் வளைவில் மறையும்வரை கையசைத்தேன். பிறகும் தாழ்ப்பாளை எடுக்கவில்லை. எடுத்தால் பார்க்க வேண்டியிருக்கும். மறுநாள் மூடியின் மேல் சிமெண்டு பூசினேன். கிணற்றை மண் போட்டு மூடச் சொல்லி நானே ஆள் வைத்தேன்.

ஊமையன் எங்கே என்று டீக்கடைக்காரர் இரண்டொரு தரம் கேட்டார், பிறகு விட்டுவிட்டார். ஊரில் இருந்த அம்மாவிடம் அவன் பஸ் ஸ்டாண்டு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னேன். அவள் சாகும்வரை எந்தப் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் ஸ்பீக்கருக்குக் கீழே போய் நின்றுவிடுவாள். "இது அவன் குரல்தானேடா?" என்பாள். "ஆமாம்மா," என்பேன். "நல்லாப் பேசுறான்," என்பாள். மற்ற எதையும் தாங்கிக்கொள்வேன். அந்த "ஆமாம்மா"வை நினைத்தால் கண்ணாடியில் என் முகத்தை நானே பார்க்க முடிவதில்லை.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தியிருந்தாள். பேனா விரலிலேயே நின்றது. அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் நிமிரவில்லை.

"போலீசுக்குச் சொல்லுங்க, புத்தகத்துல போடுங்க, உங்க இஷ்டம்," என்றேன். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதாம்மா தெரியணும். கடைசியாக் கேட்டுச்சே, தனியா ஒரு 'அண்ணா'. அது உங்கள்ல யாரோ ஒரு பிள்ளை விளையாட்டுக்குக் கத்துனதுன்னா, அவன் அதுக்கு முன்னாடியே போயிட்டான்னு அர்த்தம். அப்புறம் நான் போட்டோவுக்கு நின்னதோ, கையாட்டுனதோ எதையும் மாத்தியிருக்காது. நீங்க முன்னாடி நின்னீங்க. சின்னப் பிள்ளைக் காது, தெளிவாக் கேட்டிருக்கும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அது மேலருந்துதானே வந்துச்சு?"