இரண்டே வரியில் எழுதிய வேலை

மேடையில் அமர்ந்திருக்கும் நகர மன்றத் தலைவர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்த தோழர்களே, எதிரே உட்கார்ந்தும் இடமில்லாமல் சுவரோரம் நின்றும் இருக்கும் துப்புரவுப் பிரிவு, பள்ளிச் சமையற்கூடம், முதியோர் இல்லப் பெண்களே, முன்வரிசையில் இருக்கும் அவருடைய மகளே! எல்லோரையும் வணங்குகிறேன். வணங்கிய கையோடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குழம்பிப் போய் வந்திருக்கிறேன். இருபத்தாறு ஆண்டுகளாகக் குப்பை லாரியில் வேலை, பதினான்கு ஆண்டுகளாகச் சங்கச் செயலாளர். இப்படி ஒரு நாளும் மைக் முன்னால் நின்றதில்லை.

நாம் யாரை இழந்து நிற்கிறோம்? இந்த மன்றக் கட்டடத்தைத் தினமும் காலை ஐந்து மணிக்குத் திறந்தவரை இழந்து நிற்கிறோம். முப்பத்தெட்டுச் சாவிகள்! எது எந்தக் கதவுக்கு என்று பார்க்கவே மாட்டார், விரலால் தடவியே எடுத்துவிடுவார். அதனால்தான் அவர் சாவியக்கா. சம்பளப் பட்டியலில் இருந்த பெயரைச் சொன்னால் இங்கே பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. சாவியக்கா என்றால் பூட்டுக்கும் தெரியும்.

தலைவர் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கூட்ட அறையில் யார் நாற்காலிக்கு அடியில் என்ன கிடக்கும் என்பது அக்காவுக்கு அத்துப்படி. தலைவர் நாற்காலிக்கு அடியில் மிட்டாய்த் தாள். “டாக்டர் சர்க்கரையே ஆகாதுன்னு சொல்லியிருக்காராம். நான் யார்கிட்டயும் சொல்லல தம்பி, உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்” என்பார். அந்த ‘உன்கிட்ட மட்டும்’ எத்தனை பேரிடம் போனதோ! சிரிக்கலாம், தலைவரே சிரிக்கிறார்.

அந்த அறையைத் துடைத்து, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு முடித்ததும், கைகழுவிவிட்டு வாசலில் மனுவோடு நிற்பாரே, அதை மறக்க முடியுமா? ஒன்பது ஆண்டுகள்! இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள் கையெழுத்திட்ட மனு. என்ன கேட்டார்கள்? ஆண்கள் செய்யும் வேலைக்கு எந்தத் தரமோ, அதே அளவு உழைக்கும் எங்களுக்கும் அந்தத் தரம், அந்தச் சம்பளம். இவ்வளவுதானே? “அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்மா” என்று ஓர் உறுப்பினர் சொன்னார். அக்கா என்ன சொன்னார் தெரியுமா? “சரிங்கய்யா, அதுக்கும் நாற்காலியத் துடைச்சு வைக்கிறேன்.” அந்த அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருந்து பதினொரு பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள். காய்ச்சல் என்று பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, பன்னிரண்டாவதாகப் போயிருக்கிறார் சாவியக்கா.

இதுவரை நான் சொன்னதெல்லாம் எழுதி வந்த உரை. அது இந்தச் சட்டைப்பையில் இருக்கிறது. இனிமேல் பேசப்போவது எழுதாதது.

இன்று காலை அவர் மகள் ஓர் உறையைக் கொடுத்தார். “அம்மா உங்களத்தான் பேசச் சொன்னாங்க மாமா. மேடைக்கு ஏறுறதுக்கு முன்னாடி இதக் குடுக்கச் சொன்னாங்க. ஏம்மான்னு கேட்டேன். ‘அவனுக்குத் தெரியும்’னு மட்டும் சொன்னாங்க.” தெரியும் என்றாரா? எனக்குத் தெரியவில்லையே! உறைக்குள் என்ன இருந்தது? ஒரே ஒரு தாள். பணி விவரப் படிவத்தின் நகல். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒவ்வொரு தொழிலாளியும் ‘என் வேலை இன்னது’ என்று எழுதிக் கொடுத்தோமே, அதை வைத்துத்தானே தரம் பிரித்தார்கள், அந்தப் படிவம். சாவியக்காவின் படிவம். அதில் இரண்டே வரி. ‘தரை பெருக்குதல். தரை துடைத்தல்.’ கீழே அவர் கையெழுத்து.

மேலே இருக்கும் இரண்டு வரியும் என் எழுத்து.

என் எழுத்தைத் தெரியாதவர் இங்கே யார்? அறிவிப்புப் பலகையில் பதினான்கு ஆண்டுகளாக அதுதானே தொங்குகிறது? முத்துமுத்தாக எழுதுவேன் என்று படிவம் நிரப்பும் வேலையை என் தலையில் கட்டினார்கள். காலையில் லாரிக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும், “சரி, அப்புறம்?” என்றேன். “தொட்டியத் தூக்குறோம்.” “அப்புறம்?” “மழையில நிக்கிறோம்.” “அப்புறம்?” “கண்ணாடிச் சில்லு கையைக் கிழிக்கும்.” விடாமல் கேட்டுக் கேட்டு, ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். மாலையில் பெண்கள் வந்தார்கள். எனக்கும் கை வலி, அவர்களுக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். “நீங்க என்னக்கா செய்றீங்க?” என்றேன். சாவியக்கா சிரித்தார். “என்னத்தச் செய்றேன், பெருக்குறேன், துடைக்கிறேன். எழுதிக்கோ.” எழுதிக்கொண்டேன். அப்புறம் என்று கேட்கவில்லை. அவருக்கு மட்டுமா? வரிசையில் நின்ற ஒருவரிடமும் கேட்கவில்லை.

என்னம்மா சொல்றீங்க? சத்தமா சொல்லுங்க. ஆமாம். சமையற்கூடத்துக்கும் நான்தான் எழுதினேன். ‘சமைத்தல், பாத்திரம் கழுவுதல்.’ நானேதான்.

இது யார் தவறு? அவர் சொன்னதைத்தானே எழுதினேன் என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். மூன்று மாடிக்கும் தண்ணீர் வாளி சுமந்ததை வேலை என்று அவரே நினைக்கவில்லையே! வாசலில் போதையில் கிடப்பவனைத் தனியாளாக எழுப்பி அனுப்பியதை, மருந்து நீரில் உள்ளங்கை வெடித்ததை, கூட்டத்துக்குக் கூட்டம் நூற்றிருபது நாற்காலி தூக்கியதை அவரே வாய்விட்டுச் சொல்லவில்லையே! இப்படிச் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் லாரிக்காரன் மட்டும் முதல் வாயிலேயே எல்லாவற்றையும் சொன்னானா? நான் கேட்டேன், அவன் சொன்னான்.

மன்றம் ஒவ்வொரு மனுவுக்கும் தந்த பதில் ஒன்றுதான். ‘பெண்களே தங்கள் வேலையை இவ்வாறு விவரித்துக் கையொப்பமிட்டுள்ளனர்.’ இந்தப் பதிலைப் படித்துக் காட்டியவன் யார்? நான். படிக்கும்போது எனக்கு நினைவு வரவில்லை என்று சொல்ல ஆசைப்படுகிறேன். ஆனால் அவர் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு பொய் சொல்ல முடியவில்லை. நினைவு வந்தது, தோழர்களே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பெண்களின் தரம் உயர்ந்தால் ஆண்கள் வாங்கும் படிப்பணத்தில் கை வைப்பார்கள் என்று பயந்தேன். எனக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் அவர்கள்தானே என்றும் பயந்தேன்.

எனக்குப் புரியாதது இதுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அலுவலகத்தில் கேட்டு இந்த நகலை வாங்கியிருக்கிறார், முத்திரையில் தேதி இருக்கிறது. மூன்று ஆண்டுகள்! என் எழுத்து என்று தெரிந்துகொண்டே என்னோடு தேநீர் குடித்திருக்கிறார். என் மனைவியின் முட்டிவலியை விசாரித்திருக்கிறார். மனுவைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடமே கொடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லையே, ஏன்? ‘ஏன்டா இப்படிப் பண்ணின’ என்று சட்டையைப் பிடித்திருந்தால் அன்றே அழுது தீர்த்திருப்பேனே! நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாரா? சொல்லமாட்டேன் என்று தெரிந்துதான் இந்த மேடையில் ஏற்றிவிட்டாரா? சாவியக்கா என்னை மன்னித்தாரா, மாட்டிவிட்டாரா? அவர் இருந்தால் கேட்கலாம். யாரிடம் போய்க் கேட்பேன்?

சரி. எனக்குப் புரியாதது என்னோடு இருக்கட்டும். புரிந்த ஒன்றைச் சொல்கிறேன். தலைவர் அவர்களே, உறுப்பினர்களே! வியாழக்கிழமைக் கூட்டத்தில் பதினான்காவது பொருளாக இந்தக் கோரிக்கை வருகிறது. இனி ‘அவர்களே எழுதினார்கள்’ என்று சொல்லாதீர்கள். அவர்கள் எழுதவில்லை. நான் எழுதினேன், அவர்கள் வேலையில் பாதியை விட்டுவிட்டு எழுதினேன். அதற்குச் சாட்சி நான். இத்தனை பேர் முன்னால் சொன்னதை வியாழக்கிழமை உங்கள் முன்னாலும் சொல்கிறேன், எழுதியும் தருகிறேன். அதோ பின்வரிசையில் என் லாரிக்காரர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளியுங்கள் தம்பிகளா. அடுத்த தேர்தலில் வேறு ஆளைப் போடுங்கள். வியாழக்கிழமை வரைக்குமாவது நான்தான் செயலாளர்.

ஐயா, பன்னிரண்டு பேர் போய்விட்டார்கள். இருநூறு பேர் மிச்சம் இருக்கிறார்கள். பதின்மூன்றாவது இரங்கல் கூட்டத்துக்கு உங்களை இந்த மேடைக்கு அழைக்க எனக்கு விருப்பமில்லை. உங்களுக்கு வர விருப்பமா? நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை இன்று காலை யார் துடைத்தார் என்று தெரியுமா? அம்மாவின் சாவிக்கொத்தோடு வந்து, அவர் மகள் துடைத்தார். அவரும் அந்த இரண்டு வரித் தரத்தில்தான் வேலை செய்கிறார்.

தாய்மார்களே, அக்காக்களே! நாளை காலையிலிருந்து சங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பேன். புதுப் படிவம், புதுப் பேனா. யாரும் அவசரப்பட வேண்டாம், எவ்வளவு நேரமானாலும் கேட்கிறேன். முதல் படிவத்தை இங்கேயே தொடங்கிவிடுகிறேன். இதோ, சாவியக்காவின் தாள். இரண்டு வரிக்குக் கீழே நிறைய இடம் காலியாக இருக்கிறது. மூன்றாவது வரி எழுதுகிறேன்: ‘காலை ஐந்து மணிக்கு முப்பத்தெட்டுக் கதவுகளைத் திறந்தார்.’ மற்றதெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்த உங்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொருவராகச் சொல்லுங்கள், எழுதுகிறேன்.

அப்புறம்?