அஞ்சாவது விரல்

— அக்கா, முழிச்சுத்தான் இருக்கீங்களா?

— பூனைக்குட்டிக்குப் பால் புகட்டிக்கிட்டே தூங்கவா முடியும்? ராத்திரி முறை எனக்கு. நீ எதுக்குக் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு இருக்க? போய்ப் படு. காலையில நம்ம கெழவனைக் கூட்டிட்டுப் போக டீச்சரம்மா வர்றாங்க.

— அதான்க்கா பயமா இருக்கு.

— அடி கிறுக்கி! இந்த வயசான நாயை இதுவரைக்கும் ஒருத்தராவது வேணும்னு கேட்டிருக்காங்களா? சந்தோஷப்படுவியா, அதை விட்டுட்டு...

— அவன் வரைஞ்ச படத்தை வாங்கினதாலதானே கேட்டாங்க. அவன்... அவன் அதை வரையவே இல்லக்கா.

— இந்தத் துணியைப் பிடி. குட்டிக்கு வாயைத் துடைச்சு விடு. ம், மேல சொல்லு.

— நாய்ங்க கால்ல பெயிண்ட் தொட்டுக் காகிதத்துல நடக்க விடலாம், அந்தப் படத்தை வித்து ஷெல்டருக்குப் பணம் சேக்கலாம்னு நான்தானே குதிச்சேன்? மத்ததுங்க ஜம்முனு நடந்துச்சுங்க. கெழவன் ஒரு அடிதான் வைச்சான். வெடுக்குன்னு காலை இழுத்துக்கிட்டு, வெடவெடன்னு நடுங்கி, நின்ன இடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டான். எவனோ மேல ரோட்டுக்குப் போடுற தாரை ஊத்தித்தானே அவன் நம்மகிட்ட வந்தான். எனக்கு அப்பதான்க்கா உறைச்சுது.

— ம். அப்புறம்?

— கால் கழுவிவிட்டுக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எல்லா நாயோட படமும் சுவத்துல ஏறிடுச்சு. இவனோடது மட்டும் இல்லன்னா இவனை யாரு திரும்பிப் பாப்பா? கதவைச் சாத்திட்டு நானே பண்ணிட்டேன். உள்ளங்கையும் விரல் நுனியும் வைச்சு, காகிதம் பூரா நீலமா நடந்தேன்.

— கையாலயா நடந்த? நல்ல நாய்தான் போ.

— சிரிக்காதீங்க! காலையில 'எங்க, நடக்கச் சொல்லு பாப்போம்'னு அவங்க கேட்டா? திரும்பவும் நடுங்குவான். உண்மையைச் சொன்னா நம்மளை ஏமாத்துக்காரங்கம்பாங்க. படம் வாங்கின மத்தவங்களும் வாசல்ல வந்து நிப்பாங்க. ஷெல்டர் பேரும் போச்சு, கெழவனுக்குக் கிடைக்கிற வீடும் போச்சு. எல்லாம் என்னால.

— உன் மடியிலதானே தூங்குறான்? அவன் முன்னங்காலைத் தூக்கிப் பாரு. தரையில பதியுற விரல் எத்தனை?

— அஞ்சு. நான்தானே நகம் வெட்டுறேன், எனக்குத் தெரியாதா?

— எண்ணுடி.

— ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... அஞ்சாவது மேல தனியா தொங்குது.

— அது தரையைத் தொடுமா?

— தொடாது... ஐயோ! நான் எல்லாத் தடத்துலயும் அஞ்சு விரல் வைச்சிருக்கேனே! அக்கா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

— எங்க தெரிஞ்சுது? படம் வித்த அன்னிக்கு அந்தக் கூட்டத்துல நான் படத்தையா பாத்தேன்? சாயங்காலம் டீச்சரம்மா போன் பண்ணித்தான் சொன்னாங்க.

— செத்தேன். அவங்களுக்கே தெரிஞ்சுபோச்சா?

— வாங்கும்போதே தெரியுமாம். கீழ் மூலையில ஒரே ஒரு தடம் மட்டும் நாலு விரலோட, பின்னால இழுத்து ஈஷினாப்ல இருக்காமே?

— அது அவன் வைச்சதுக்கா. அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரல. அதுலயேதான் மீதியைப் பண்ணினேன்.

— நீயா வாயைத் திறந்து சொல்லட்டும்னுதான் இவ்வளவு நேரம் சும்மா இருந்தேன்.

— அப்போ வரமாட்டாங்கல்ல? சொல்லிருங்கக்கா, நான் தாங்கிக்குவேன்.

— வர்றாங்க. ஒண்ணே ஒண்ணு உன்கிட்டச் சொல்லச் சொன்னாங்க: 'நாங்க வர்றப்போ அந்தப் பெயிண்ட் கிண்ணம் எதுவும் அவன் கண்ணுல படாம எடுத்து வைச்சிரும்மா.'